நிரை தெரியும், திகதி தெரியாது

அல்சைமர் நோயை நினைவின் அழிவு என்று சொல்லிவிடும் வழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு, குடும்பங்களிடமும் உண்டு; ஆனால் நினைவு என்பது ஒற்றைப் பொருளன்று என்பதையும், இந்நோய் அதன் எல்லாப் பகுதிகளையும் ஒரே வேகத்தில் தொடுவதில்லை என்பதையும் கடந்த 70 ஆண்டுக்கால ஆய்வுகள் ஐயமற நிறுவியுள்ளன. நடந்ததை எடுத்துச் சொல்லும் நினைவு முதலில் போகிறது. செய்து பழகிய நினைவு நெடுநாள் நிற்கிறது. இந்த வேறுபாடு உலகெங்கும் பொருந்துவதே என்றாலும், பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று விரிந்து கிடக்கும் ஊவா மாகாணத்துத் தேயிலை மலைகளில் முதுமையடைந்திருக்கும் தமிழர்களை வைத்துப் பார்க்கும்போது அதற்கு வேறொரு கனம் சேர்ந்துவிடுகிறது. இவர்களுடைய வாழ்நாள் அறிவின் பெரும்பகுதி கடதாசியில் ஏறாமல் கையிலும் காலிலும் பாட்டிலும் தங்கியது. இவர்களை அளக்க வரும் கருவியோ கடதாசியோடு பழகியவர்களுக்காகச் செய்யப்பட்டது.

1901ஆம் ஆண்டு பிராங்ஃபர்ட் நகர மனநல விடுதியில் அகுஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் கேட்டவை எளிய கேள்விகள்: பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, கையில் இருப்பது என்ன, சற்றுமுன் காட்டிய பொருள் எது. தம் பெயரை எழுதச் சொன்னபோது அவர் பாதியிலேயே நின்றுவிட்டார். 1906இல் அவர் இறந்த பின் மூளையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த கறைகளையும் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் கூட்டமொன்றில் அதை விளக்கினார். மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் 1910இல் தம் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரையே வைத்தார். வெளியில் படிவது அமிலாய்டு என்ற புரதம் என்பதும், உள்ளே முறுக்கிக்கொள்வது டாவ் என்ற புரதம் என்பதும் பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தன. ஆக, நோய்க்குப் பெயர் வருமுன்பே அதற்கான வினாக்கள் வந்துவிட்டன. இன்றும் நோயாளி முதலில் எதிர்கொள்வது அந்த வினாக்களைத்தான்.

டாவ் முறுக்குகள் முதலில் தோன்றும் இடங்களில் முக்கியமானது, பொட்டெலும்புக்கு உட்புறமாக ஹிப்போகாம்பஸை அடுத்துள்ள புறணிப் பகுதியாகும். ஹிப்போகாம்பஸ் என்பது கடற்குதிரை வடிவத்தில் வளைந்திருக்கும் சிறிய உறுப்பு. இன்று நடந்ததை நாளைக்கு எடுத்துச் செல்லும் வேலை அதனுடையது. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு இருபுறமும் அப்பகுதியை வெட்டி நீக்கியபோது, அவர் பழையதைப் பெருமளவு சொல்லக்கூடியவராகவும் புதியதை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க இயலாதவராகவும் ஆனார். ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்குத் தெரியாதபோதும் தேறியது. கை கற்றுக்கொண்டதை மனிதர் அறியவில்லை. மூளையின் அடியாழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் பின்புறத்துச் சிறுமூளையும் தாங்கிநிற்கும் இந்த வகையைச் செயல்முறை நினைவு என்கிறார்கள். நடந்ததைச் சொல்லும் வகை நிகழ்வு நினைவு. உளவியலாளர் எண்டெல் டுல்விங் 1972இல் பிரித்துக் காட்டிய மூன்றாவது ஒன்றும் உண்டு: எங்கே எப்போது கற்றோம் என்பது மறந்தாலும் பொருள் மட்டும் நிற்கும் பொருள் நினைவு.

செயல்முறை நினைவுக்கு நூல்கள் தரும் எடுத்துக்காட்டு சைக்கிள் ஓட்டுவது. ஊவாவில் அதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு கண்முன்னே இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணின் கை தளிரைப் பிடுங்குவதில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தண்டைப் பிடித்து ஒரு சிறு சொடுக்கில் ஒடிக்கிறது. இரண்டு இலையும் அரும்பும் வரும்போது அடுத்த தளிரின்மேல் கண் போய்விட்டிருக்கும், இரண்டு கைகளும் மாறிமாறி இயங்கும், உள்ளங்கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகப் பின்னாலுள்ள கூடைக்குள் திரும்பிப் பாராமலே விழும். முற்றிய இலை விரலுக்கு முரடாகத் தெரியும். கண் பார்க்குமுன் விரல் அதை விட்டுவிடும். செடியின் தலை ஏறி இறங்காதிருக்க மட்டக்கம்பை வைத்துச் சரி பார்ப்பதும், ஈரச் சரிவில் எந்தக் கல்லில் கால் வைப்பதென்பதும், கானைத் தாண்டும்போது கூடையின் பாரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பதென்பதும் யாரும் சொல்லிக் கொடுத்தவையல்ல. பக்கத்து நிரையில் நின்ற தாயையோ பெரியம்மாவையோ பார்த்து, கங்காணியின் அதட்டலுக்குப் பயந்து, உடம்பே எடுத்துக்கொண்டவை. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் விளக்கம் வராது, கைதான் வரும். அல்சைமர் நோய் நடுக்கட்டத்தை அடைந்தபின்னும் இந்தக் கையில் பெரும்பகுதி மிஞ்சுவது இதனால்தான்.

மிஞ்சுவதே ஆபத்தாவதும் உண்டு. பழக்கமான வேலை சரளமாக நடப்பதைப் பார்க்கும் குடும்பம் நோயைக் காணாமலே விட்டுவிடுகிறது. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பதும், அடுப்பில் வைத்ததை மறப்பதும், வயசாயிருச்சு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகின்றன. ஈழத்தமிழில் இதற்கு அறளை பெயர்தல் என்று தனிச்சொல்லே இருக்கிறது. கேட்டதும் சிரிப்பை வரவழைக்கும் சொல், ஆகையால் மருந்தகம்வரை போகாத சொல். நினைவு குன்றுவதெல்லாம் அல்சைமரும் அன்று. தைராய்டுச் சுரப்புக் குறைவும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும், மனச்சோர்வும் அப்படியே தோற்றமளித்துச் சிகிச்சையில் தேறக்கூடியவை. கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களை அடைத்து உண்டாக்கும் மறதி வேறு. நெடுங்காலக் குடியினால் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து வற்றி வருவது வேறு. இவற்றைப் பிரித்தறிய முதற்படியாக ஓர் இரத்தப் பரிசோதனையும் பொறுமையான உரையாடலும் வேண்டும். சிக்கல் அந்த உரையாடலில்தான் தொடங்குகிறது.

உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் சிறு மனநிலைச் சோதனை 1975இல் மார்ஷல் ஃபோல்ஸ்டைனும் உடன்பணியாற்றியவர்களும் வகுத்தது. மொத்தம் 30 புள்ளிகள், 24க்குக் கீழே போனால் ஐயம் கொள்ள வேண்டும் என்பது பரவலான வழக்கு. இதில் ஆண்டு, பருவம், மாதம், திகதி, கிழமை என்பவற்றுக்கு 5 புள்ளிகள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போவதற்கு 5. எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்வதற்கும், ஒரு வாக்கியம் எழுதுவதற்கும், ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கும் ஒவ்வொன்று. பள்ளிக்கூடமும் நாட்காட்டியும் பேனாவும் இல்லாமல் வளர்ந்த ஒருவர், நோயே இல்லாதிருந்தும், இந்த 13 புள்ளிகளைக் கேள்வி தொடங்குமுன்பே இழந்துவிடலாம், எஞ்சுவது 17. எந்த மாடியில் இருக்கிறோம் என்ற கேள்விகூட மூலச் சோதனையில் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு மாடி கிடையாது.

பருவம் பற்றிய கேள்வியைச் சற்று நின்று பார்க்கலாம். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர் என்ற நான்கும் பதுளைக்குப் பொருந்துவதில்லை. அங்கே ஆண்டைப் பிரிப்பவை காற்றும் மழையும்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் வறண்டு வீசும் கச்சான் காலம், வடகிழக்கிலிருந்து மழை வரும் ஐப்பசி, கார்த்திகை. கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர்வரையிலான தேயிலைக்குத்தான் ஊவாவின் பெயர்பெற்ற மணம் வருகிறது. அந்தக் காலத்தில் கொழுந்து குறையும், பெயர் விழுவது, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குரிய அளவை எட்டுவது, கடினமாகும். கச்சான் வீசுகிறது என்று சொல்லும் ஒரு மூதாட்டி பருவத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்; விடைத்தாளில் அதற்கு இடமில்லை. அவ்வாறே மாதத்தைச் சம்பள நாளால் அறிபவர்கள் உண்டு. ஆண்டைக் கதிர்காமத்து ஆடிவேலாலும், மாசியில் போடும் காமன் கூத்தாலும், தீபாவளி முற்பணத்தாலும், அதைச் சம்பளத்தில் வெட்டி முடியும் மாதத்தாலும் அறிபவர்கள் உண்டு. ஏழேழாகக் கழிக்கத் தெரியாதவர், கொழுந்து மடுவத்தில் நிறுத்த எடையிலிருந்து கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்பதை மனக்கணக்காகவே போட்டு, அரைப்பேர் போட்டது அநியாயம் என்று வாதாடியிருப்பார். கழித்தல் தெரியாது என்று அவரைப் பற்றி எழுதுவது பிழை.

இன்னொன்றையும் கருத வேண்டும். மேசைக்கு அப்பால் அமர்ந்து, வயது என்ன, பிறந்த திகதி என்ன, எந்த ஊர் என்று கேட்கும் கேள்வி இம்மக்களுக்குப் புதியதன்று. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவச் சொன்னது; 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இடைவிடாமல் எத்தனை ஆண்டு இந்நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்டது. பிறப்புப் பதியப்படாத, கங்காணியின் துண்டையும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டையும் தவிர வேறு கடதாசி அறியாத மக்களிடம் திகதிகளைக் கேட்டு, சொல்லத் தெரியாதவர்களை அரசு நாடற்றவர்களாக்கியது. அந்தத் தலைமுறையும் அதன் பிள்ளைகளும் துரையிடமும் கந்தோரிலும் கற்றுக்கொண்ட பாதுகாப்பான விடை ஒன்று உண்டு: தெரியாதுங்க. மருத்துவரின் அறையில் அதே விடை வரும்போது அது மூளையின் தேய்வா, நெடுங்காலம் பழகிய தற்காப்பா என்பதை எந்தப் புள்ளிக்கணக்கும் சொல்லாது. கேட்பவர் சிங்களத்தில் கேட்டு, பதில் சொல்பவர் சந்தைச் சிங்களத்தை நோயால் இழந்து தாய்மொழிக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பழைய நினைவு புதியதைவிட நெடுநாள் தாங்கும் என்பதை பிரெஞ்சு உளவியலாளர் தியொடூல் ரிபோ 1881இலேயே சொன்னார். ஒருவருடைய வாழ்வில் பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவை மற்றக் காலத்தவற்றைவிட மிகுதியாக நினைவில் நிற்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் சேர்த்தன. இவ்விரண்டையும் 1950ஐ ஒட்டிப் பிறந்த ஒரு தோட்டத்துப் பெண்ணின்மேல் வைத்துப் பார்த்தால், அவரிடம் கடைசிவரை மிஞ்சப்போகும் காலம் எதுவென்று தெரியவரும். 1964 அக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடும் விழுந்தது. பதுளையில் ஏறித் தலைமன்னாருக்குப் போய் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய அந்தப் பயணத்தின் ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. இடையில் 1973, 74இன் பட்டினி, தோட்டங்கள் அரசுடைமையானது, 1977இலும் 1983இலும் வந்த கலவரங்கள்.

ஆகவே இப்பெண் அந்தி நேரத்தில் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, அக்கா கோச்சிக்குப் போய்விட்டாளா என்று கேட்கக்கூடும். அக்கா போய் ஐம்பது ஆண்டு ஆகியிருக்கும். கதவைச் சாத்தச் சொல்லி, விளக்கை அணைக்கச் சொல்லி நடுங்கவும் கூடும். வெளியே எதுவும் இருக்காது. இதைப் பிதற்றல் என்று தள்ளும் மருத்துவக் குறிப்பு பாதிதான் சரி. நிகழ்காலத்தைப் பதியும் கருவி பழுதானதால், பதிந்து முடிந்த கடைசிப் பெரிய காலம் முன்னால் வந்து நிற்கிறது. பிற நாட்டு நோயாளிகளுக்கு இந்த இடத்தில் பள்ளிப்பருவமோ முதல் வேலையோ வரக்கூடும். ஊவாவின் முதியோருக்குப் பிரிவும் பயமும் வருகின்றன. மலையக வரலாற்றை எழுதுபவர்கள் இதுவரை அதிகம் போகாத இடம் இது.

அக்கா இந்தியாவில் இறந்துவிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவது நேர்மையாகத் தோன்றலாம். ஆனால் 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரப் படக்காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வில், காட்சி மறந்துபோன பின்னும் துயரம் நின்றது. ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் இதன் மறுபுறத்தை 1911இலேயே எழுதியிருக்கிறார்: கையில் ஊசியை மறைத்துக்கொண்டு அவர் கைகுலுக்கிய மறதி நோயாளி, மறுமுறை காரணம் சொல்லத் தெரியாமலே கையை இழுத்துக்கொண்டார். செய்தி தங்குவதில்லை, அதன் வலி தங்குகிறது. அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு அவளைப் பற்றிப் பேசவிடும் மருமகள், எந்த ஆய்வையும் வாசிக்காமலே சரியானதைச் செய்கிறாள்.

கற்றல் முற்றாக நின்றுவிடுகிறதா என்ற கேள்விக்கும் விடை அவ்வளவு இருண்டதன்று. சுழலும் தட்டிலுள்ள ஒரு புள்ளியைக் கோலால் தொட்டுக்கொண்டே இருக்கும் பயிற்சியை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த எஸ்லிங்கரும் டமாசியோவும், அவர்கள் மற்றவர்களைப் போலவே தேறியதை 1986இல் பதிவு செய்தார்கள். இப்படி எஞ்சும் திறனைப் பயன்படுத்தும் முறைகள் இரண்டு. ஒன்று தவறிழைக்க விடாமல் கற்பித்தல்: தவறிழைத்தவர் அதைத் தவறென்று நினைவில் கொள்ள முடியாதபோது தவறே பழக்கமாகிவிடும் என்பதால், ஊகித்துச் சொல்லுமாறு வற்புறுத்தாமல் சரியானதை உடனே சொல்லிக்கொடுப்பது. மற்றது இடைவெளியை நீட்டிக் கேட்பது: கக்கூஸ் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்து, அரை நிமிடத்தில் கேட்டு, பின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று விட்டுவிட்டுக் கேட்பது, தடுமாறினால் முந்தைய இடைவெளிக்குத் திரும்புவது. கேள்வியோடு கையையும் காலையும் சேர்த்துவிட்டால், எழுந்து நடந்து போய்க் காட்டச் சொன்னால், இன்னும் நன்றாகப் பதிகிறது. மருந்து வேண்டாத முறைகள் இவை, பொறுமைதான் வேண்டும்.

புதிய இடம் முழுவதன் வழிகளையும் கற்பது மட்டும் இதற்குள் எளிதில் அடங்குவதில்லை. ஓரிடத்தின் வரைபடத்தை ஹிப்போகாம்பஸிலும் அதை அடுத்த புறணியிலும் உள்ள தனித்தனி அணுக்கள் குறித்து வைக்கின்றன என்று கண்டறிந்த ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் மண்சரிவுக்குப் பின் இடம்பெயர்ந்த குடும்பங்களும், தனி வீட்டுத் திட்டங்களில் லயத்தைவிட்டுப் போன குடும்பங்களும் முதியவர்களை அழைத்துச் சென்றபோது, அந்த அணுக்களில் நோய் தொடங்கிவிட்டவர்களுக்கு நேர்வது என்ன என்பதை அந்தப் பரிசின் ஆய்வு விளக்கிவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் இஸ்தோப்பும் பீலியும் கோயிலடியும் ஐம்பது ஆண்டாகக் காலில் ஏறியவை. அங்கே அவர் இருட்டிலும் நடப்பார். புதிய வீடு எல்லா வகையிலும் நல்ல வீடாக இருக்கலாம், அவர் அதிலிருந்து எழுந்து பழைய லயத்தை நோக்கி நடப்பார். லய வாழ்க்கையைப் போற்றுவதற்கு எதுவும் இல்லை; ஒரு கிழவி தவறான பக்கம் நடந்தால் பத்துக் காம்பராக்காரர் கூப்பிட்டுத் திருப்பிவிடுவார்கள் என்பதை மட்டும் புதிய வீட்டுத் திட்டக்காரர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இலங்கையில் அல்சைமர் உள்ளிட்ட முதுமை மறதியைக் கணக்கெடுத்து 2003இல் வெளியான ராகம ஆய்வு, 65 வயதைக் கடந்த 703 பேரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் அதைக் கண்டது. அது மேற்குக் கரையோர அரை நகர்ப்புறத்தின் கணக்கு, மலையகத்தினுடையதன்று. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு எண்ணிய 14 தவிர்க்கத்தக்க காரணிகளில் இளமையில் கல்வி குன்றுவது ஒன்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய 1970களுக்கு முன் வளர்ந்த பெண்களில் பலர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வகுப்பைவிட்டு எழுந்து, பின் நேரே மலைக்குப் போனவர்கள். ஆகவே இவர்களை நோய் எளிதில் அணுகவும் கூடும், நோயில்லாதபோது நோயாளி என்று சோதனை சொல்லிவிடவும் கூடும். மறுபுறம், ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, இரு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தி வருவதாகவும், எழுத்தறியாதவர்களிடமும் அது உண்டென்றும் சொன்னது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் அதை வழிமொழியவில்லை. எனினும் தமிழும் சிங்களமும் வாயில் ஒன்றாகப் புழங்கும் பதுளை, அக்கேள்வியை ஆராய மிகத் தகுந்த இடம்.

உலகில் முதுமை மறதியுற்றோரில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருந்தும் ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட 10/66 குழு, சென்னையிலும் வேலூரிலும் தமிழில் செய்து பார்த்த முறையில் நோயாளியிடம் கேட்பது பாதி, அவரை அறிந்தவரிடம் கேட்பது மறுபாதி. தோட்ட மருந்தகத்திலும் பதுளை வைத்தியசாலையிலும் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் கடினமானதன்று. கீரை ஆய்கிறாரா, முற்றிய இலையை விலக்குகிறாரா, காமன் கூத்துப் பாட்டின் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்காமலே பாடுகிறாரா, கடைக்குப் போய் மிச்சக்காசைச் சரியாகக் கொண்டுவருகிறாரா, போன கார்த்திகையில் செய்ததை இந்தக் கார்த்திகையிலும் செய்கிறாரா என்று மகளிடமோ மருமகளிடமோ பக்கத்துக் காம்பராக்காரரிடமோ முதலில் தமிழில் கேளுங்கள். திகதியைப் பிறகு கேட்கலாம்.